சிகிச்சையை மறுப்பவரை எப்போது, எந்த அளவுக்கு வற்புறுத்தலாம்: மனநலச் சட்டத்தின் வழியே ஒரு கையேடு

மனநோய் இருக்கிறது என்பது மட்டுமே ஒருவரை அவருடைய விருப்பத்துக்கு மாறாக மருத்துவமனையில் சேர்ப்பதற்குப் போதுமான காரணம் ஆகாது. இந்தியாவில் 2018 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இதையே அடித்தளமாகக் கொண்டிருக்கிறது. அதே சட்டம், உயிருக்கு ஆபத்து நெருங்கும் வேளையில் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும்படியும் யாரையும் சொல்லவில்லை. மருத்துவருக்கும் காவல்துறைக்கும் நீதித்துறை நடுவருக்கும் தலையிடும் அதிகாரத்தைத் தந்து, அந்த அதிகாரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம்பை விதித்திருக்கிறது. சிகிச்சையை மறுக்கும் ஒருவருடன் வாழும் குடும்பத்தினரும், தாமே அந்த நிலையில் இருப்பவர்களும், அவர்களுக்குத் துணைநிற்க விரும்பும் நண்பர்களும் எந்தக் கட்டத்தில் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை நடைமுறை வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

இந்த வரம்புகளுக்குப் பின்னால் ஒரு பெரும் துயரம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் எழுந்து ஓட வழியின்றிக் கருகினர். 28 பேர் உயிரிழந்தனர். அங்கே சங்கிலி இருந்தது, சிகிச்சை இல்லை. தனிமனித சுதந்திரம் காலில் மிதிபட்டதும், அரசு செய்ய வேண்டிய கடமையைச் செய்யாமல் விட்டதும் ஒரே இடத்தில் நேர்ந்தன என்பதை மறந்துவிடக் கூடாது. சுதந்திரமா, அரசின் தலையீடா என்று இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பேசுவோர் இதைக் கவனிப்பதில்லை. அருகிலேயே ஒரு நல்ல மருத்துவரும் தடையின்றிக் கிடைக்கும் மருந்தும் இருந்திருந்தால் அந்தச் சங்கிலிகளுக்கே தேவை எழுந்திருக்காது.

நோயா, குடும்பத்துக்குப் பிடிக்காத முடிவா?

குடும்பத்தினர் தமக்குள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: நம்மை உறுத்துவது அவருடைய நோயா, அவர் எடுத்த முடிவா? வேறு சாதியில் திருமணம் செய்வேன் என்று உறுதியாக நிற்கும் மகளையும், சொத்தில் பங்கு கேட்கும் தம்பியையும், நல்ல வேலையை உதறிவிட்டு ஆன்மிகத்தில் இறங்கும் மகனையும் "மனநிலை சரியில்லை" என்று சொல்லி மருத்துவமனை வாசலுக்கு அழைத்து வருவது இன்றும் நடக்கிறது. சட்டத்தின் 3ஆம் பிரிவு இதற்கு இடம் தரவில்லை. தேசிய அல்லது பன்னாட்டு அளவில் ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்களைக் கொண்டுதான் ஒருவருக்கு மனநோய் உண்டா என்று தீர்மானிக்க வேண்டும்; அவருடைய அரசியல், பொருளாதார, சமூக நிலையோ, சுற்றியிருப்போரின் ஒழுக்க, சமய, பண்பாட்டு மதிப்பீடுகளுடன் அவர் ஒத்துப்போகாமையோ காரணமாகக் கூடாது.

அதே பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது. முன்பு சிகிச்சை பெற்றதோ மருத்துவமனையில் இருந்ததோ இன்றைய நோய்க்குத் தானாகவே சான்று ஆகிவிடாது. பல ஆண்டுகளுக்கு முன்பு ஒருமுறை வார்டில் இருந்தவர் இன்று கோபப்பட்டால், அந்தக் கோபத்துக்குப் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை ஆதாரமாக நீட்ட முடியாது. மேலும், மனநோய் உள்ளவர் என்று மருத்துவர் சொல்வதால் மட்டும் ஒருவர் சட்டத்தின் பார்வையில் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிடமாட்டார்; அதை அறிவிக்கும் அதிகாரம் தகுதிவாய்ந்த நீதிமன்றத்துக்கே உண்டு. மாத்திரை சாப்பிடுகிறார் என்பதைக் காட்டி வங்கிக் கணக்கையும் நிலத்தையும் கைமாற்ற முனைவோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

உண்மையிலேயே நோய்தான் என்று தோன்றினால், பொதுவாக "நடத்தை சரியில்லை" என்று சொல்வதை நிறுத்திவிட்டு, கண்ணால் கண்டதைத் தேதியுடன் ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். எத்தனை மணி நேரம் தூங்கினார், சாப்பிட்டாரா, குளித்தாரா, பணத்தை எப்படிச் செலவழித்தார், யாரையாவது அடிக்க ஓங்கினாரா, சாவதைப் பற்றி என்ன சொற்களில் பேசினார் என்பனவே அதில் இருக்க வேண்டும். "செவ்வாய் இரவு முழுவதும் விழித்திருந்து, தண்ணீரில் விஷம் கலந்திருக்கிறார்கள் என்று சொல்லிக் குடத்தைக் கவிழ்த்தார், புதன் மாலைவரை தண்ணீர் குடிக்கவில்லை" என்ற இரண்டு வரி, "ரொம்ப மோசமாக இருக்கிறார் டாக்டர்" என்ற அரை மணி நேரப் புலம்பலைவிட மருத்துவருக்கு அதிகம் சொல்லும். பின்னால் சேர்க்கைகளைச் சரிபார்க்கும் மனநல மறுஆய்வு வாரியமோ நீதிமன்றமோ கேட்டாலும், சேர்க்கைக்கான காரணத்தை நேர்மையாகக் காட்டும் பதிவாகவும் அது நிற்கும்.

முடிவெடுக்கும் திறன் இருக்கிறதா என்று பார்ப்பது

இந்தச் சட்டத்தின் இதயம் 4ஆம் பிரிவில் இருக்கிறது என்பது என் கருத்து. மனநோய் உள்ளவர் உட்பட ஒவ்வொருவருக்கும் தம் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் திறன் இருப்பதாகவே கொள்ள வேண்டும். அந்தத் திறனைச் சோதிப்பது மூன்று விஷயங்களைப் பற்றியது: முடிவுக்குத் தேவையான தகவலை அவரால் புரிந்துகொள்ள முடிகிறதா, அந்த முடிவால் என்ன விளையும் என்பதை ஓரளவு உணர முடிகிறதா, தம் முடிவைப் பேச்சாலோ சைகையாலோ வேறு வழியிலோ தெரிவிக்க முடிகிறதா. தகவலை அவருக்குப் புரியும் மொழியில், எளிய சொற்களில், தேவைப்பட்டால் சைகை மொழியிலோ படங்களாலோ சொல்லியிருக்க வேண்டும். பிறர் பார்வையில் தவறாகத் தோன்றும் ஒரு முடிவை அவர் எடுத்தார் என்பதாலேயே அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இதை வீட்டு அளவில் பார்ப்போம். காதில் குரல் கேட்கும் ஒருவர், "போன தடவை கொடுத்த மாத்திரையில் உடம்பு ஊதிப்போயிற்று, கை நடுங்கியது, பகலெல்லாம் தூக்கம், வேறு மருந்து இருந்தால் யோசிக்கிறேன், அதை மட்டும் தொடமாட்டேன்" என்கிறார். குரல் கேட்பது உண்மை, நோய் இருப்பது உண்மை. ஆனாலும் இந்த மறுப்பு நன்மை தீமையை எடைபோட்டு வந்த மறுப்பு. மருத்துவர் மருந்தை மாற்றிப் பார்க்க வேண்டுமே தவிர, திறன் இல்லாதவர் என்று எழுதக் கூடாது. மற்றொருவர், "இந்த மாத்திரைக்குள் எதிர்வீட்டுக்காரர் ஒரு கருவி வைத்திருக்கிறார், விழுங்கினால் என் எண்ணங்களைப் படித்துவிடுவார்" என்கிறார். மருந்து எது, அது எதற்காக என்று எத்தனை முறை விளக்கினாலும் அந்த நம்பிக்கையைத் தாண்டி அவரால் பார்க்க முடியவில்லை. இவருக்கு இந்த ஒரு முடிவில், இந்த நாளில், பெரிய அளவில் துணை தேவைப்படுகிறது. அதனால் எந்த உறவினர் தம்மைப் பார்க்க வர வேண்டும், வீட்டில் யாரிடம் சாவி இருக்க வேண்டும் என்பவை போன்ற மற்ற எல்லா முடிவுகளையும் எடுக்கும் உரிமை அவரை விட்டுப் போய்விடுவதில்லை.

திறன் ஏறும், இறங்கும். தூக்கமின்றித் தவித்த இரவின் முடிவில், அல்லது ஊசி மருந்தின் மயக்கத்தில் பேசியதை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. தெளிவாக இருக்கும் நேரத்தில், நம்பும் ஒருவர் அருகிலிருக்க, மறுபடியும் கேட்க வேண்டும். காலையில் மறுத்தவர் மாலையில் சம்மதிப்பது மிக இயல்பாக நடக்கக் கூடியது.

வற்புறுத்தலுக்கு முன் செய்ய வேண்டியவை

பெரும்பாலான குடும்பங்கள் இந்தப் பகுதியைத் தாவிவிடுகின்றன. சண்டை முற்றிய பிறகு ஆட்களைக் கூட்டி அழைத்துப்போவதற்கு முன்னால், பேசிப் பார்க்க நிறைய இடம் இருக்கிறது. "உனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது, டாக்டரிடம் வா" என்றால் யாரும் வரமாட்டார்கள். அவரே துன்பப்படும் ஒன்றைப் பிடித்துப் பேசுங்கள். "நாலு நாளாய்த் தூக்கமே இல்லாமல் துவண்டுபோய் இருக்கிறாய் கண்ணா, தூக்கத்துக்காக மட்டும் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வருவோமா?" என்று தாய் கேட்கும் கேள்வியில் பொய் இல்லை, கட்டாயமும் இல்லை. அவர் நம்புகிற ஒருவர், அது பழைய ஆசிரியராகவோ பள்ளித் தோழனாகவோ அத்தையாகவோ இருக்கலாம், அழைத்தால் வருவார் என்றால் அவரையே அழைக்கச் சொல்லுங்கள்.

மருத்துவமனை வேண்டாம் என்றால் முதலில் தொலைபேசியிலாவது பேச முடியுமா என்று பார்க்கலாம். 2022 அக்டோபர் 10 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய டெலிமானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்; நோயாளி பேச மறுத்தால் குடும்பத்தினரே அழைத்து வழிகேட்கலாம். 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ், பெருநகர மனநல மருத்துவமனைவரை போகாமலே மாவட்ட அளவில் மனநல மருத்துவரைப் பார்க்க முடிகிறது. அரசு நடத்தும் அல்லது நிதி வழங்கும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவது 18ஆம் பிரிவின்படி உரிமை. 2015-16இல் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் தலைமையில் 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, பெரும்பாலான மனநோய்களில் சிகிச்சை தேவைப்படுவோரில் 70 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு அது கிடைக்கவில்லை என்று காட்டியது. சிகிச்சையை மறுப்பவர்களைப் பற்றி நாம் கவலைப்படும் அளவுக்கு, கேட்டும் கிடைக்காதவர்களைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. மூன்று மாதம் மருந்து தட்டுப்பாடாகி நோய் திரும்பியவரைக் கட்டிப்பிடித்து வார்டுக்குள் தள்ளும் அரசு, அந்த வற்புறுத்தலுக்குரிய தார்மீக உரிமையைப் பாதி இழந்துவிடுகிறது.

மாத்திரையைச் சாப்பாட்டில் கலந்து கொடுப்பதைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் இது மிகச் சாதாரணமாக நடக்கிறது. களைத்துப்போன தாய் மாத்திரையைப் பொடித்துத் தயிர்ச்சோற்றில் பிசைகிறார். மகன் சில வாரம் அமைதியாகிறான். எல்லோரும் நிம்மதி அடைகிறார்கள். அந்தத் தாயைக் குற்றவாளியாகப் பார்க்க என்னால் முடியாது. ஆனால் இதில் இருக்கும் ஆபத்துகள் உண்மையானவை. மனநோய்க்கான சில மருந்துகள் கழுத்தையும் நாக்கையும் திடீரென இழுத்துப் பிடிக்கும். தாம் மருந்து சாப்பிடுவதே தெரியாதவர் அப்போது தமக்கு யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்று நம்புவதில் வியப்பில்லை. லித்தியத்துக்கு இரத்தத்தில் அதன் அளவையும், குளோசபினுக்கு வெள்ளணுக்களின் எண்ணிக்கையையும் அவ்வப்போது சோதித்தாக வேண்டும். ஒளித்துக் கொடுப்பவரால் இந்தச் சோதனைகளுக்கு அழைத்துப்போக முடியாது. என்றாவது ஒருநாள் உண்மை தெரியும்போது, "சோற்றில் எதையோ கலக்கிறார்கள்" என்ற சந்தேகம் நோயின் கற்பனையாக இல்லாமல் நடந்த நிகழ்வாகிவிடுகிறது; அதன்பின் அவர் மருந்தை மட்டுமல்லாமல் அந்தக் கையால் போடும் சோற்றையும் மறுக்கக் கூடும். தகவலறிந்த சம்மதம் இல்லாமல் சிகிச்சை கூடாது என்ற சட்டத்தின் அடிப்படைக்கும் இது முற்றிலும் எதிரானது. ஏற்கெனவே கலந்து கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் திடீரென நிறுத்தாமல், மருத்துவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி, வெளிப்படையான சிகிச்சைக்கு மாறும் வழியை அவருடன் சேர்ந்து திட்டமிட வேண்டும்.

ஆபத்து நெருங்கும்போது

பேச நேரமில்லாத நிலை வரும். கயிற்றைத் தேடுகிறார், மாடிச் சுவரில் ஏறி நிற்கிறார், கத்தியை எடுத்துக்கொண்டு தம்பியின் அறைக் கதவைத் தட்டுகிறார் என்றால், 94ஆம் பிரிவு உதவிக்கு வரும். உயிர்ச்சேதத்தையோ மீளாத பாதிப்பையோ தடுக்கவும், அவர் தமக்கோ பிறருக்கோ கடுமையான தீங்கு இழைப்பதைத் தடுக்கவும், பதிவுபெற்ற எந்த மருத்துவரும் உடனடிச் சிகிச்சை அளிக்கலாம். நோயாளியின் சார்பில் முடிவெடுக்கத் துணைநிற்கும் நியமனப் பிரதிநிதி அங்கே இருந்தால் அவருடைய சம்மதத்தைப் பெற வேண்டும். மனநல மருத்துவர்தான் வேண்டும் என்பதில்லை, அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு மருத்துவரே போதும் என்பதைப் பலர் அறியாமல் இரவெல்லாம் பயணம் செய்கிறார்கள். நோயாளியை மதிப்பீட்டுக்காக அருகிலுள்ள மனநல நிலையத்துக்குக் கொண்டுசெல்வதும் இதில் அடங்கும். ஆனால் இந்த அதிகாரம் பொதுவாக 72 மணி நேரத்துக்கு மட்டுமே. அதற்குள் மனநல நிலையத்தில் மதிப்பீடு நடந்தால் அத்துடன் முடிந்துவிடும். இந்தப் பிரிவின் கீழ் மின்னதிர்வுச் சிகிச்சை (ஷாக் சிகிச்சை) அளிக்க அனுமதி இல்லை.

தற்கொலைக்கு முயன்றவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் போலீஸ் வழக்கு வருமே என்று தயங்கி நேரத்தை இழக்காதீர்கள். கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே அவரைக் கருத வேண்டும், வழக்குத் தொடுத்துத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று 115ஆம் பிரிவு கூறுகிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவும், அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை.

தெருவில் அலையும் ஒருவர் மனநோயால் தம்மைப் பார்த்துக்கொள்ள இயலாத நிலையில் இருப்பதாகக் காவல் அதிகாரி நம்பினால், 100ஆம் பிரிவின்படி அவரைப் பாதுகாப்பில் எடுத்து, காரணத்தைச் சொல்லி, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச்செல்ல வேண்டும். லாக்கப்பிலோ சிறையிலோ எந்தச் சூழலிலும் அடைக்கக் கூடாது. வீட்டுக்குள்ளேயே ஒருவர் பூட்டிவைக்கப்பட்டோ கவனிப்பாரற்றோ கிடப்பது தெரிந்தால், அண்டை வீட்டார் உட்பட யார் வேண்டுமானாலும் காவல்நிலையத்தில் தெரிவிக்கலாம். தகவல் நீதித்துறை நடுவருக்குப் போகும், அவர் மதிப்பீட்டுக்காக 10 நாள்வரை மனநல நிலையத்தில் சேர்க்க ஆணையிட முடியும். அரசின் தலையீடு இங்கே நோயாளியைக் குடும்பத்திடமிருந்தே காக்கிறது. சுதந்திரத்தைப் பறிப்பது எப்போதும் அரசு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இந்தப் பிரிவைப் படிக்க வேண்டும்.

நள்ளிரவில் நாலு ஆட்களுடன் வண்டி அனுப்பி, தூங்குபவரின் கைகாலைக் கட்டித் தூக்கிப்போகும் சில தனியார் மையங்களைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநலக் கோளாறுகளும் இந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. ஆகவே மறுவாழ்வு மையம் என்று பலகை வைத்துவிட்டால் சட்டம் பொருந்தாது என்றாகிவிடாது. மையம் முறையாகப் பதிவு செய்யப்பட்டதா, மனநல மருத்துவர் யார், உறவினர் எப்போது வந்து பார்க்கலாம் என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்று மாதம் யாரும் பார்க்கக் கூடாது, போனும் கிடையாது என்று சொல்லும் இடத்தில் யாரையும் ஒப்படைக்காதீர்கள்.

ஆதரவுடன் கூடிய சேர்க்கை

அவசர நிலை தணிந்த பிறகும் அவர் சம்மதிக்கவில்லை, வெளியே விடுவதும் ஆபத்து என்றால், 89ஆம் பிரிவு ஒரு குறுகிய கதவைத் திறக்கிறது. விண்ணப்பிக்க வேண்டியவர் நியமனப் பிரதிநிதி. நோயாளி முன்பே எழுதி நியமித்தவர் அந்த இடத்துக்கு வருவார். அப்படி யாரும் இல்லையென்றால் உறவினர், அவரும் இல்லையென்றால் பராமரிப்பவர் என்று வரிசை போகும். ஒரு மனநல மருத்துவரும், மற்றொரு மனநல வல்லுநர் அல்லது மருத்துவரும், சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய 7 நாள்களுக்குள்ளோ அவரைத் தனித்தனியாகச் சோதித்திருக்க வேண்டும். அண்மையில் தம்மைத் தாமே காயப்படுத்த முயன்றார் அல்லது மிரட்டினார், பிறர்மீது வன்முறை காட்டினார் அல்லது அஞ்சவைத்தார், தம்மைப் பார்த்துக்கொள்ள இயலாமல் தமக்கே ஆபத்தாகும் நிலையில் இருக்கிறார் என்ற மூன்றில் ஒன்றையாவது இருவரும் காண வேண்டும். இதைவிடக் குறைந்த கட்டுப்பாட்டுடன் சிகிச்சை தர வேறு வழியில்லை என்பதையும் சான்றளிக்க வேண்டும். வீட்டுக்கே செவிலியர் வந்து பார்ப்பதாலோ, அக்கா வீட்டில் இரண்டு வாரம் தங்கியிருப்பதாலோ ஆபத்து நீங்கும் என்றால் வார்டில் சேர்க்கக் கூடாது என்பதே இதன் பொருள்.

இந்தச் சேர்க்கை 30 நாள்வரை மட்டுமே. நியமனப் பிரதிநிதி தற்காலிகமாகச் சம்மதம் தந்து சிகிச்சை நடக்கும்போது, முடிவெடுக்கும் திறன் திரும்பிவிட்டதா என்று 7 நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். திரும்பிவிட்டால் அந்தக் கணமே முடிவு நோயாளியின் கைக்குப் போய்விடும். 30 நாளைத் தாண்டினால் இரண்டு மனநல மருத்துவர்களின் தனித்தனிச் சான்றும் மனநல மறுஆய்வு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும். அப்போதும் முதலில் 90 நாள், பிறகு 120 நாள், அதன்பின் 180 நாள் என்று ஒவ்வொரு நீட்டிப்பையும் மறுபடி நியாயப்படுத்தியாக வேண்டும். 18 வயது நிரம்பாதவர்களுக்குத் தனி விதிகள் உண்டு. அவர்களைச் சேர்த்த 72 மணி நேரத்துக்குள் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

வாரியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் சுதந்திரத்துக்கும் தலையீட்டுக்கும் நடுவே தராசைப் பிடிப்பது அதுதான். மாவட்ட நீதிபதி நிலையிலுள்ள ஒருவர் தலைமையில், ஆட்சியரின் பிரதிநிதி, மனநல மருத்துவர், மற்றொரு மருத்துவர் ஆகியோருடன், மனநோயை அனுபவித்தவர்கள், பராமரிப்பவர்கள் அல்லது தொண்டு நிறுவனப் பிரதிநிதிகளிலிருந்து இருவரும் அதில் அமர்கிறார்கள். பூட்டிய கதவுக்கு உள்ளே இருந்த ஒருவர், இன்று அதே கதவைத் திறக்கலாமா என்று தீர்மானிக்கும் இடத்தில் உட்காரலாம் என்று சட்டமே சொல்வதை நான் பெரிதாக மதிக்கிறேன். 89ஆம் பிரிவின் கீழ் சேர்க்கப்பட்டவர் தம் சேர்க்கையை எதிர்த்து விண்ணப்பித்தால் வாரியம் 7 நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கட்டணம் எதுவும் கிடையாது. முடிவு ஏற்கத்தக்கதாக இல்லை என்றால் 30 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். பல மாநிலங்களில் வாரியங்கள் அமைவதே பெரிதும் தாமதமாயிற்று என்பது உண்மைதான். உங்கள் மாவட்டத்தில் வாரியத்தை அணுக முடியவில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞரைக் கேளுங்கள். முறையின்றி அடைத்துவைத்திருப்பதாக நம்பினால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் போடலாம்.

89ஆம் பிரிவை இரு தரப்பாரும் குறைசொல்கிறார்கள். 2007இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை முன்வைப்போர், ஒருவருக்காக மற்றொருவர் சம்மதம் தருவதே கூடாது என்கிறார்கள். மருத்துவர்களில் பலர், படிவங்களை நிரப்பும் நேரத்தில் நோயாளி நழுவிவிடுகிறார் என்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனாலும் கத்தியுடன் நிற்கும் மகனுக்கு முன்னால் உடன்படிக்கையின் வாசகம் அந்தத் தாய்க்குத் துணைவராது. படிவமே இல்லாத சேர்க்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஏர்வாடி காட்டிவிட்டது. காலவரம்பும் வெளியாரின் கண்காணிப்பும் உள்ள கட்டாயத்தை ஏற்கலாம், இவ்விரண்டும் இல்லாததை ஏற்க முடியாது என்பதே என் நிலை.

வார்டுக்குள் மாறாத உரிமைகள்

தாமாக வந்து சேர்ந்தவர், சுயேச்சை நோயாளி எனப்படுபவர், வீட்டுக்குப் போகிறேன் என்றால் அனுப்பிவிட வேண்டும்; 89ஆம் பிரிவுக்குரிய ஆபத்து தெரிகிறது என்றால் மட்டும் மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம்வரை நிறுத்திவைக்கலாம். எப்படிச் சேர்ந்தவராயினும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது. மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் மின்னதிர்வுச் சிகிச்சை கூடாது. தனியறையில் பூட்டிவைக்கக் கூடாது. உடலைக் கட்டுப்படுத்துவது, உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியுடன், தேவையான நேரம் மட்டுமே. ஊழியர் பற்றாக்குறை என்பது அதற்குக் காரணமாகாது. கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது, சொந்த உடையை அணிய விட வேண்டும், பார்வையாளரைச் சந்திக்கவும் தொலைபேசியில் பேசவும் விட வேண்டும். பார்க்கப் போகும் உறவினர்கள் பழம் வாங்கிச் செல்வதோடு நின்றுவிடாமல், இவற்றையும் கண்ணால் பார்த்து, குறை இருந்தால் பொறுப்பு மருத்துவரிடம் எழுத்தில் கொடுத்து, அதிலும் தீராவிட்டால் வாரியத்துக்குப் போக வேண்டும். குணமானவரை, வீட்டார் ஏற்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மருத்துவமனையிலேயே வைத்திருப்பதற்கும் 19ஆம் பிரிவு இடம் தரவில்லை.

வீடு திரும்பிய பிறகு எழுத வேண்டியது

வற்புறுத்திச் சேர்க்கப்பட்டவர் வீடு வந்த முதல் சில வாரங்களில் பேச்சு கசப்பாகவே இருக்கும். "என்னைக் கட்டிக் கொண்டுபோனீர்களே" என்று அவர் சொல்லும்போது, "உன் நல்லதுக்குத்தான்" என்று வாயை அடைக்காமல், எது பயமாக இருந்தது, யார் கை வைத்தார்கள், அடுத்த முறை வேறு எப்படிச் செய்திருக்கலாம் என்று கேட்டு, அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள். அந்தப் பேச்சிலிருந்தே முன்கூட்டிய அறிவுறுத்தல் பிறக்கும்.

5ஆம் பிரிவு தரும் இந்த ஆவணத்தை, 18 வயது நிரம்பிய எவரும், முன்பு மனநோய் இருந்ததா இல்லையா என்ற கேள்வியே இல்லாமல், எழுதலாம். முடிவெடுக்கும் திறன் தம்மை விட்டு விலகும் காலத்தில் தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தமக்காக யார் பேச வேண்டும் என்பதைத் தெளிவான நாள்களிலேயே சொல்லிவைப்பது அது. திறன் திரும்பியதும் அது பின்வாங்கிவிடும். அவசரச் சிகிச்சையை அது தடுக்காது. மருத்துவரோ உறவினரோ அதைப் பின்பற்ற முடியாது என்று கருதினால் தாமே ஒதுக்கிவைக்க முடியாது, வாரியத்திடம் விண்ணப்பித்தாக வேண்டும். எழுதியவர் அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்து செய்யலாம்.

"நல்ல சிகிச்சை தரவும்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. எந்த மருந்து முன்பு ஒத்துக்கொண்டது, எது கழுத்தை இழுத்தது, ஊசியா மாத்திரையா, எந்த மருத்துவமனை வேண்டாம், மின்னதிர்வுச் சிகிச்சையைப் பற்றி என்ன எண்ணம், மருத்துவமனையில் இருக்கும்போது குழந்தையை யார் பார்த்துக்கொள்ள வேண்டும், அலுவலகத்தில் யாரிடம் எதுவரை சொல்லலாம் என்று குறிப்பாக எழுதுங்கள். நோய் திரும்புவதன் முதல் அறிகுறிகளையும் சேருங்கள். "நான் இரண்டு இரவு தூங்காமல் போனாலே அண்ணன் டாக்டரை அழைக்கலாம்" என்ற ஒரு வரி, கத்தியும் கதவும்வரை போகாமல் தடுக்கக் கூடும். நியமனப் பிரதிநிதியாக ஒருவரைப் பெயரிட வெள்ளைத்தாளில் கையொப்பமோ கைநாட்டோ இட்ட குறிப்பே போதும், ஆனால் அந்த நபரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். தந்தையையும் கணவரையும் விட்டுவிட்டு நெருங்கிய தோழியைப் பெயரிடவும் சட்டம் தடைசொல்லவில்லை. குடும்பத்தார் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாமல் அந்தத் தோழியின் எண்ணைத் தம் தொலைபேசியில் பதிந்துவைக்கட்டும்.

அறிவுறுத்தலை வாரியத்தில் பதிவு செய்யுங்கள். ஒரு நகலைச் சிகிச்சை தரும் மருத்துவரின் கோப்பிலும், ஒன்றை நியமனப் பிரதிநிதியிடமும், ஒன்றை வீட்டில் குடும்ப அட்டையும் மருத்துவச் சீட்டுகளும் இருக்கும் பையிலும் வையுங்கள். நகல் கைக்கு வராத மருத்துவர் அதைப் பின்பற்றவில்லை என்று பின்னால் குறைசொல்ல முடியாது. மருந்து மாறும்போதும் வீடு மாறும்போதும் எடுத்துப் படித்துத் திருத்துங்கள்.